எந்தத் தண்ணிக்கு என்று கேட்ட குப்புராஜ்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைப்பேசி அடித்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். திரையில் குப்புராஜ் பெயர். நாலு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டும் பயந்துகொண்டும் இருந்த அழைப்பு அது. வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்தேன். பேசியது அவர் மனைவி சரோஜாம்மா. "சார், அவரு போயிட்டாரு. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழிலயே முடிஞ்சிருச்சி. இன்னிக்கி சனிக்கிழம, வந்தாலும் வருவீங்க. கட தொறக்காதுன்னு சொல்லத்தான் போட்டேன்." கணவன் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் பூட்டிய கடை முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று அந்த அம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் புத்தி அப்படி.

நம் தமிழ் மன்ற மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். இந்த வருடம் நான் எழுதும் மூன்றாவது அஞ்சலி இது. கை அலுத்துவிட்டது. "உங்களுக்குத்தானே அவர் நெருக்கம்" என்கிறீர்கள். நெருக்கம்தான். எவ்வளவு நெருக்கம் என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

உங்களில் பாதிப் பேர் அவர் கடையில் நின்றவர்கள். மீதிப் பேர் "மீன் பிடிக்கிறதுக்கு ஒரு கடையா?" என்று என்னைக் கேலி செய்தவர்கள். அந்த மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், டயர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு கடை. தூண்டில் முள், நரம்பு, தக்கை, ஈயம் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் ஒரு மேசை, அதில் திருகி இறுக்கும் சின்ன இடுக்கி ஒன்று. அந்த இடுக்கியில் ஒரு முள்ளைப் பிடித்து, கோழிக்கடை இறகையும் தையற்கடை ஜரிகையையும் வைத்து நூல் சுற்றி, பூச்சி மாதிரியே கட்டுவார் குப்புராஜ். அதற்குப் பெயர் ஃப்ளை. புழுவும் கிடையாது, மாவு உருண்டையும் கிடையாது. இந்தப் பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்ற வேண்டும். ஊர் முழுக்கத் தேடினாலும் இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவரைத் தவிர ஆள் கிடையாது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

பிற்பாடுதான். முதல் நாள் நடந்தது வேறு. ஆறு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, இணையத்தில் பத்து வீடியோ பார்த்த தைரியத்தில் அவர் கடைக்குப் போய், "ஃப்ளை ராடு ஒண்ணு குடுங்க, நல்லதா" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "எந்தத் தண்ணிக்கு சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "ஏதாவது ஏரிதான்" என்றேன். "ஏரின்னா? விராலுக்கா, ஜிலேபிக் கெண்டைக்கா? கரைல நின்னா, எறங்கியா?" எனக்கு எரிச்சல் வந்தது. நாச்சாரத்தில் வால்வு செய்யும் ஆலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை செய்தவன் நான். நான்தான் கேள்வி கேட்பேன், என்னை யாரும் கேட்பதில்லை. "காசு குடுக்கறேன், ராடைக் குடுங்களேன்" என்றேன். "நக்கோ சார். மொதல்ல போயி தண்ணியப் பாருங்க. ராடு எங்க ஓடிப்போவுது?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் ஒரு விமர்சனம் எழுதினேன். ஒரே ஒரு நட்சத்திரம். 'வருகிறவனை விரட்டும் கடை, முதலாளிக்குத் தொழிலும் தெரியாது, மரியாதையும் தெரியாது' என்று ஆங்கிலத்தில் நாலு வரி. என் பெயர் அதில் இல்லை. 'ஹைதராபாத் வாசி' என்று மட்டும் இருந்தது. எழுதி முடித்ததும் நன்றாகத் தூக்கம் வந்தது.

இதை நான் முதல்முறையாக உங்கள் முன் சொல்கிறேன். உங்களில் சிலர் அந்த வரிகளைப் படித்துவிட்டு "எந்தப் பாவி எழுதினான்?" என்று என்னிடமே கேட்டதுண்டு. நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

ராடும் லைனும் ஆன்லைனில் வரவழைத்தேன். இந்த வகைத் தூண்டிலில் ஈயம் கிடையாது. வீசுகிற லைனின் கனம்தான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் ராடில் ஓர் எண் இருக்கும், லைனில் ஓர் எண் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் வாங்கிய ராடு ஐந்து, லைன் எட்டு. நட்டுக்கு போல்ட்டு சேருகிறதா என்று பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் இதைப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் நின்று மூன்றாவது தடவை வீசியபோது பூச்சி சுற்றி வந்து என் இடது காது மடலில் ஏறிவிட்டது. மீன் நழுவாமல் இருக்க முள்ளின் நுனியில் ஓர் எதிர்முள் உண்டு. உள்ளே போகும், வெளியே வராது.

காதில் சிவப்பு இறகு தொங்க பஸ்ஸில் செகந்திராபாத் வரை வந்தேன். முன் சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. இப்படியே ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்குப் போனால் என் மனைவி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள். வேறு வழியில்லாமல் குப்புராஜ் கடைப் படியேறினேன். அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. ஸ்டூலைக் காட்டினார். நரம்புத் துண்டு ஒன்றை வளையமாக்கி முள்ளின் வளைவில் மாட்டினார். முள்ளில் நரம்பு கோக்கும் காதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, "வீட்ல இன்னிக்கி என்ன கொழம்பு சார்?" என்றார். "வத்தக்..." என்றேன். சுண்டி ஒரு இழு. முள் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்ல முள்ளுதான் சார். எதிர்முள்ள கொறடால நசுக்கிட்டு வீசுங்க. மீனுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது" என்றார். பிறகு தன் கடையில் இருந்த ஐந்தாம் எண் லைனை எடுத்து மாட்டினார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவே இல்லை. என்னை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "தண்ணியப் பாத்துட்டீங்க போல" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான். அவர் அப்பா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். அவர் தமிழில் ஆற்காடும் இருக்கும், ஆமாம், வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தின் ஹவ்வும் நக்கோவும் இருக்கும். எனக்கும் அவருக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம். நான் குப்புராஜ் என்பேன், அவர் கடைசிவரை சார் என்றார்.

அந்தக் கடையின் ஒரு வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தத் தண்ணிக்குப் போனாலும் அங்கே பறக்கிற, செத்து மிதக்கிற பூச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அவரிடம் கொடுக்க வேண்டும். பெட்டியின்மேல் ஏரியின் பெயரையும் கிழமையையும் எழுதுவார். பூச்சியைப் புரட்டிப் பார்த்து, அதன் நிறத்தில், அதன் அளவில் கட்டித் தருவார். "மீனு என்ன திங்கிதோ அதக் குடுக்கணும் சார். நமக்குப் புடிச்சதக் குடுத்து கைக்கு, எதுக்கு? நாமளா திங்கப் போறோம்?" என்பார். ஒரு சமயம் அலமாரியில் இருநூறு தீப்பெட்டிகளாவது இருந்திருக்கும். "இது கடையா, பூச்சிங்க பொணக்கெடங்கா?" என்று சரோஜாம்மா கத்துவார். அடுத்த வாரம் அவரே மாடியில் கிடந்த ஈசல் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை டயர் கடை பூட்டியிருக்கும். சந்து காலியாக இருக்கும். புதிதாக ராடு வாங்க வருகிறவர்களை அங்கே நிறுத்தி, முள்ளுக்குப் பதில் கம்பளித் துணுக்கைக் கட்டி, முப்பதடி தள்ளி ஒரு டிபன் மூடியை வைத்து வீசச் சொல்வார். மூடியில் பத்துக்கு மூன்று விழுந்தால்தான் விற்பனை. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "அன்னா, சேபலு படுத்துன்னாயா?" என்று கேட்டார். ரோட்டில் மீன் விழுகிறதா என்று. குப்புராஜ் முகம் மாறாமல், முனிசிபாலிட்டி தண்ணீர் விட்டதும் விழும் என்று தெலுங்கில் பதில் சொன்னார். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

"மஞ்சீரா ஆத்துல இந்த வாரம் எப்படி?" என்று போன் செய்தால் உள்ளதைச் சொல்வார். "தண்ணி கலங்கியிருக்கு சார், நக்கோ. வீட்ல படுத்துத் தூங்குங்க." அப்படிச் சொல்லிச் சொல்லி வியாபாரம் எத்தனை போயிருக்கும். ஆன்லைன் கடைக்காரன் எவனாவது, வாங்காதே, தூங்கு என்று சொல்வானா? காதிலிருந்து முள்ளைத்தான் எடுப்பானா?

இனி சொல்ல வேண்டியது சொல்லப் பிடிக்காதது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பழக ஆரம்பித்துச் சில மாதங்கள் இருக்கும். ஒரு இளம் தம்பதி கடைக்கு வந்தார்கள். "ரிவ்யூல ரொம்ப மோசமா போட்டிருந்தாங்க அங்கிள், இருந்தாலும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று அந்தப் பெண் சொன்னாள். நான் மேசை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் குப்புராஜ் சொன்னார்: "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும் சார்." நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "எம் மச்சான் தேவராஜ்" என்றார்.

தேவராஜ் சரோஜாம்மாவின் தம்பி. ராமச்சந்திராபுரத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறார். தூண்டிலை விட்டுவிட்டுத் தொட்டி வியாபாரத்துக்கு வா என்று அக்காள் கணவரை வற்புறுத்தி, அவர் மறுக்க, பெரிய சண்டை. "வர்றவன விரட்டி விரட்டியே கடைய கெடுக்கறீங்க மாமா" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரமே என் நாலு வரி வந்திருக்கிறது. அதிலும் விரட்டுகிறார் என்ற அதே புகார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமைகள் போய்விடும் என்று பயம். அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்த விமர்சனத்தை அழித்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவு. அடுத்த வாரம் குப்புராஜ் சொன்னார்: "எடுத்துட்டான் பாத்தீங்களா சார்? அக்காகிட்ட நான் சொன்னது காதுல விழுந்திருக்கும். பயந்துட்டான்." கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகத்தையும் நானே தீர்த்து வைத்தேன்.

தேவராஜின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சரோஜாம்மா மட்டும் போனார். அத்தை முறையும் மாமன் முறையும் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் நிற்க வேண்டிய அத்தை புருஷன் கடையைத் திறந்து உட்கார்ந்து என்னிடம் விரால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒரு பூச்சிகூட அவரால் ஒழுங்காகக் கட்ட முடியவில்லை. நூல் அறுந்து அறுந்து போயிற்று. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கல்யாணம் முடிந்து நாலு வருடம் ஆயிற்று.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம், கடையில் நாங்கள் இருவர்தான். இடுக்கியில் ஒரு முள்ளை மாட்டிக்கொண்டே, "மச்சானுக்குப் பேரன் பொறந்திருக்கானாம் சார். அவ போயி பாத்துட்டு வந்தா. மூக்கு எங்க மாமனாரு மூக்காம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் உட்கார முடியவில்லை.

"குப்புராஜ், அத எழுதினது தேவராஜ் இல்ல. நான்."

"எத?"

"அந்த ரிவ்யூ. மொத நாளு ராடு குடுக்கலன்னு கோவத்துல எழுதினேன். அழிச்சதும் நான்தான்."

அவர் கை நிற்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த நூலைச் சுற்றி முடித்தார், முடிச்சுப் போட்டார், கத்தரித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காதுல முள்ளோட வந்தீங்களே, அன்னிக்கிச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன் சார்" என்றார். பிறகு, "இப்ப சிரிப்பு வரல. ஆறு வருசம் சார். அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போவல. அந்தப் பொண்ணு எம் மடியில வளந்தது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. "நீங்க கெளம்புங்க" என்றார். நான் படியிறங்கியதும் பின்னால் ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம் கேட்டது. மத்தியானத்தில் அவர் ஷட்டர் இறக்கி நான் பார்த்ததில்லை.

அதன்பின் நான் போகவில்லை. கெளம்புங்க என்றால் இனி வராதீர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். முதல் சனிக்கிழமை முழங்கால் வலி என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டாவது சனிக்கிழமை வெயில் என்றேன். மூன்றாவது சனிக்கிழமை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கன்று உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்த அந்த நரைமீசைக்காரரைக் கவனித்திருப்பீர்கள். அவர்தான் தேவராஜ். நான் அவரைக் கண்டதும் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன். வந்துவிட்டாரே என்று ஒரு பக்கம் ஆறுதல், எந்த முகத்தோடு பக்கத்தில் போவது என்று ஒரு பக்கம் கூச்சம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. தேவராஜிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது. போன வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி ராமச்சந்திராபுரம் போனேன். தொட்டிகளுக்கு நடுவில் தேவராஜ் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தெரியும் சார்" என்றார். "நீங்க சொன்ன அன்னிக்கே மாமா கடைய மூடிட்டு பஸ்ஸேறி இங்க வந்துட்டாரு. பேரனத் தூக்கி வெச்சிக்கினு ரொம்ப நேரம் அழுதாரு. 'எழுதின ஆளு சனிக்கிழம கடைக்கு வருவாரு, நீயும் வா, ஒக்காந்து டீ குடிக்கலாம், அந்தாளும் நல்லவருதான்'னாரு. நான் மூணு சனிக்கிழமையும் வந்தேன் சார். மாமா மூணு டீ சொல்லுவாரு. ஆறிப்போனதும் ரெண்டு பேரும் குடிச்சிட்டு எழுந்திருவோம். போன் போடுங்க மாமான்னேன். நக்கோ, அவராத்தான் வரணும்னுட்டாரு."

அதற்குமேல் தேவராஜ் ஏதோ ஆறுதல் சொன்னார். என் காதில் ஏறவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட கட்டுரையின் கடைசியில், போனவரிடமிருந்து நமக்கென்று என்ன வைத்துக்கொண்டோம் என்று எழுதுவது வழக்கம். அவர் கட்டிய பூச்சிகள் பன்னிரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றை நீங்கள் யார் கேட்டாலும் தருகிறேன். நான் யாருக்கும் தர முடியாமல் வைத்திருப்பது வேறு: அவர் எனக்காகக் காத்திருந்த மூன்று சனிக்கிழமைகள்.